சீசன் தொடங்கும் முன்: பிளே-ஆஃப் டீம்களைக் கணிக்கும் முறை

காரக்கோணம் ஜங்ஷனில் ஏதாவது ஒரு சாயக்கடையில் உட்கார்ந்து, இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தைப் பற்றி, "இந்த வருஷம் ஐ.எஸ்.எல்-ல பிளே-ஆஃபுக்கு யாரெல்லாம்?" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடி கிளாஸ் கைக்கு வரும் முன்னே இரண்டு பெயர் வந்துவிடும். ஒன்று கேரளா பிளாஸ்டர்ஸ், இன்னொன்று சென்னையின் எஃப்.சி. கேரள-தமிழக எல்லை ஊரில் இது இயல்புதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு போயிற்று, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. சொந்தபந்தம் இரண்டு பக்கமும் உண்டு. அதனால் மஞ்சள் சட்டையும் நீலச் சட்டையும் ஒரே கொடியில் காய்கிற வீடுகளும் இங்கே உண்டு.

இந்த இரண்டு பெயரையும் முதலில் எழுதிவிட்டு, மிச்சமிருக்கிற நாலு இடத்தை மட்டும் யோசிக்கிறவர்கள்தான் அதிகம். கணக்கைப் பார்ப்போம். 2014 முதல் 2024-25 வரை 11 சீசன்கள். பிளாஸ்டர்ஸ் அடுத்த கட்டத்துக்குப் போனது 5 தடவை: 2014, 2016, 2021-22, 2022-23, 2023-24. சென்னையினும் 5 தடவை: 2014, 2015, 2017-18, 2019-20, 2023-24. இரண்டும் சேர்ந்தே உள்ளே இருந்த சீசன்கள் இரண்டே இரண்டு, முதலாவதும் பத்தாவதும். ஆக, எல்லைக்காரர்கள் வழக்கமாக எழுதுகிற அந்த முதல் வரி 11-இல் 9 தடவை தப்பாகியிருக்கிறது. இந்த அத்தியாயத்தின் முதல் விதி இங்கிருந்தே வருகிறது: நமக்குப் பிடித்த டீமைப் பட்டியலின் கடைசியில்தான் தொட வேண்டும்.

விதிப்புத்தகம் முதலில்

எத்தனை டீம் ஆடுகிறது, எத்தனை பேர் மேலே போகிறார்கள், ஆளுக்கு எத்தனை ஆட்டம் என்று தெரியாமல் பெயர் எழுத உட்காரக் கூடாது. ஐ.எஸ்.எல். 2014-இல் 8 டீமோடு தொடங்கியது, முதல் நாலு பேருக்கு அரையிறுதி. 2017-18-இல் 10 டீம், 2020-21-இல் 11. 2022-23 முதல் ஆறு பேர் மேலே போனார்கள். முதல் இரண்டு இடக்காரர்களுக்கு நேராக அரையிறுதி. மூன்றாவது ஆறாவதோடும், நாலாவது ஐந்தாவதோடும் ஒரே ஆட்டத்தில் மோதின. 2023-24-இல் 12 டீம், 2024-25-இல் 13. அப்புறம் 2025 ஜூலையில், லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் உள்ள ஒப்பந்தம் முடியப்போகிற நேரத்தில், அடுத்த சீசனையே நிறுத்திவைத்தார்கள். போன வருஷத்து அமைப்பு அப்படியே இருக்கும் என்று நம்பிக் கணக்குப் போடுகிறவர் முதல் அடியிலேயே வழுக்குவார்.

கேரள சூப்பர் லீகைக் கணிக்க நினைத்தால் கணக்கு வேறு. 2024-இல் தொடங்கியபோது அதில் ஆறே டீம், நாலு பேருக்கு அரையிறுதி. கண்ணை மூடிக்கொண்டு நாலு பெயர் எழுதினாலும் இரண்டு கட்டாயம் சரியாகும், ஏனென்றால் வெளியே விடுவதற்கு இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். அந்த முதல் வருஷத்தில் நம்ம திருவனந்தபுரம் கொம்பன்ஸ் நாலாவதாக உள்ளே போய், அரையிறுதியில் காலிக்கட்டிடம் 2-1 என்று தோற்றது. "நான் கொம்பன்ஸைச் சொன்னேன் பாத்தியா" என்று காலரைத் தூக்கிவிட்டவர்கள் உண்டு. மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உள்ள விஷயத்தைச் சொன்னதற்கு அவ்வளவு கொண்டாட்டம் வேண்டாம்.

அடித்தளம்: போன வருஷப் பட்டியல்

வெறும் காகிதத்தில் தொடங்காதீர்கள். போன சீசனில் உள்ளே போனவர்களின் பெயரை எழுதிக்கொண்டு தொடங்குங்கள். பிறகு, எத்தனை பெயரை அடிக்க வேண்டும் என்று பழைய கணக்கிடம் கேளுங்கள்.

நாலு பேர் போன காலத்தில் ஒவ்வொரு சீசனும் புதிதாக உள்ளே வந்தவர்கள் இப்படி: 2015-இல் ஒருவர், 2016-இல் இருவர், 2017-18-இல் நாலு பேருமே, அடுத்த மூன்று சீசன்களில் இருவர் இருவர், 2021-22-இல் மூவர். ஆறு பேர் போகத் தொடங்கியபின் 2023-24-இல் இருவர் புதிது (கோவா, சென்னையின்), 2024-25-இல் மூவர் (பெங்களூரு, நார்த்ஈஸ்ட், ஜம்ஷெட்பூர்). ஆக, ஆறு பேரில் இரண்டு மூன்று பெயரை அடித்தாக வேண்டும். ஒன்றும் அடிக்காதவர் சோம்பேறி. ஐந்து பெயரை அடிப்பவர் செய்தித்தாளின் ஆள் மாற்றப் பக்கத்தை மட்டும் படித்தவர்.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே நிலைமைதான். கையில் பந்தை அணைத்துக்கொண்டு ஓடி முட்டிக்கொள்ளும் அந்த ஆட்டத்தின் என்.எஃப்.எல். லீகில் 32 டீம். 2020 முதல் 14 பேர் பிளே-ஆஃபுக்குப் போகிறார்கள், அதற்கு முன் 12. முந்தின வருஷம் வெளியே இருந்தவர்களில் குறைந்தது நாலு பேராவது அடுத்த வருஷம் உள்ளே வருவது அங்கே 1990 முதல் முப்பது வருஷத்துக்கு மேலாக நடந்துவருகிறது. அங்கே அதற்கென்றே ஏற்பாடு உண்டு. கல்லூரியிலிருந்து வரும் இளம் ஆட்டக்காரர்களில் முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை கடைசி இடத்து டீமுக்கு. 1994 முதல் சம்பளத்துக்கு உச்சவரம்பும் இருக்கிறது. நம்மூரில் அந்தப் பொறுக்கல் முறை கிடையாது. இருந்தும் இவ்வளவு மாற்றம் ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

27 புள்ளி

எந்தப் பெயரை அடிப்பது? அதற்குக் கோடு எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும். ஆறாவது இடக்காரர் எடுத்த புள்ளிதான் அந்தக் கோடு. 2022-23-இல் ஒடிசா 20 ஆட்டத்தில் 30 எடுத்து ஆறாவது. 2023-24-இல் சென்னையின் 22 ஆட்டத்தில் 27 எடுத்து ஆறாவது. 2024-25-இல் மும்பை 24 ஆட்டத்தில் 36 எடுத்து ஆறாவது. ஆட்டத்துக்கு ஒன்றரைப் புள்ளி வீதம் எடுக்கிற டீமுக்கு மூன்று சீசனிலும் இடம் இருந்தது.

இப்போது சென்னையினை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். 2022-23-இல் அவர்கள் எடுத்தது 27 புள்ளி, எட்டாவது இடம். 2023-24-இல் எடுத்ததும் 27, ஆறாவது இடம், ஊரெல்லாம் வெடி. 2024-25-இலும் அதே 27, பதினோராவது இடம், ஊரெல்லாம் திட்டு. மூன்று வருஷமும் எடுத்த புள்ளி ஒன்றேதான். ஏறி இறங்கியது கோடுதான். நடு வருஷத்தில் சென்னையின் போட்ட கோலைவிட வாங்கிய கோல் அதிகம் என்பதையும், ஒரே ஒரு புள்ளி குறைவாக நார்த்ஈஸ்ட் ஏழாவதாக நின்றது என்பதையும் 2024 ஆகஸ்டில் யாராவது எழுதிவைத்திருந்தால், அந்தப் பெயரை அடிக்கத் தயங்கியிருக்க மாட்டார்கள்.

இடத்தைப் பார்க்காதே, கோல் வித்தியாசத்தைப் பார் என்பது இதிலிருந்து வருகிற பழக்கம். ஒரு கோல் வித்தியாசத்தில் கடைசி நிமிஷத்தில் ஜெயித்த ஆட்டங்கள் அடுத்த வருஷமும் அதே பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. இதற்கு அமெரிக்காவில் ஒரு பேர்போன சாட்சி உண்டு. 2022-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் 17 ஆட்டத்தில் 13 ஜெயித்தது. எட்டுப் புள்ளிக்குள் முடிந்த 11 ஆட்டத்தில் 11-ஐயும் ஜெயித்தது. ஆனால் சீசன் முழுக்க எடுத்த புள்ளி 424, விட்டது 427. அடுத்த வருஷம் 7 வெற்றி, 10 தோல்வி, பிளே-ஆஃப் இல்லை. 2024-25-இல் ஐந்தாவதாக முடித்த ஜம்ஷெட்பூரும் போட்டதைவிட அதிக கோல் வாங்கிய டீம்தான். 12 வெற்றி, 10 தோல்வி, 2 டிரா. அவர்களை அடுத்த பட்டியலில் எழுதுகிறவர்கள் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுக்கொள்ளலாம்.

ஆட்டமில்லாத மாதங்களில் என்ன போயிற்று

ஐ.எஸ்.எல்-இல் இவ்வளவு புரட்டல் ஏன் என்றால், மைதானத்தில் ஒரே நேரத்தில் நாலு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வரை நிற்கலாம். பெரும்பாலும் கோல் போடுகிறவரும் கோலுக்குக் கொடுக்கிறவரும் அவர்களே. ஒரே விடுமுறையில் நாலு பேரும் மாறிவிடலாம். கோச்சும் மாறிவிடலாம். ஆகவே, யார் வந்தார் என்பதைவிட யார் போனார் என்பதை முதலில் எழுதுங்கள். வருகிறவரைப் பற்றி யூடியூப் வீடியோ இருக்கும். போகிறவரைப் பற்றி நம்மிடம் ஒரு சீசன் கணக்கே இருக்கிறது.

ஜம்ஷெட்பூர் 2021-22-இல் 43 புள்ளியோடு பட்டியலில் முதலிடம், கையில் ஷீல்டு. அந்த சீசனில் 10 கோல் போட்டு 10 கோலுக்குக் கொடுத்த கிரெக் ஸ்டூவர்ட் மும்பைக்குப் போனார். கோச் ஓவன் காய்லும் போனார். அடுத்த சீசனில் டீம் பதினொன்றில் பத்தாவது. ஸ்டூவர்ட் போய்ச் சேர்ந்த மும்பை முதலிடம்.

பிளாஸ்டர்ஸ் விஷயம் நம் ஆட்களுக்கு இன்னும் வலிக்கும். இவான் வுகோமனோவிச் கோச்சாக இருந்த மூன்று சீசனும் டீம் உள்ளே போனது. 2024-இல் அவரும் போனார். முந்தின சீசனில் 13 கோல் போட்ட டிமிட்ரியோஸ் டயமன்டகோஸ் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். கோவாவிலிருந்து நோவா சதாவி வருகிறார் என்றதும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். புதிய கோச் மிக்கேல் ஸ்டாரே டிசம்பரில் நீக்கப்பட்டார், டீம் எட்டாவதாக முடித்தது. இரண்டு பெரிய இழப்பு ஒரே விடுமுறையில் நடந்தால் பெயரை அடி என்பது கடினமான விதி இல்லை. சொந்த டீம் என்றால் மட்டும் கடினம்.

காசு விஷயம் எல்லாவற்றையும்விடப் பெரிது. ஹைதராபாத் 2021-22-இல் கோப்பை ஜெயித்தது, 2022-23-இல் 42 புள்ளியோடு இரண்டாவது. பிறகு கோச் மனோலோ மார்க்கெஸ் கோவாவுக்குப் போனார். சம்பள பாக்கி, புதிய ஆட்டக்காரர்களைச் சேர்க்க ஃபிஃபா போட்ட தடை என்று செய்தி மேல் செய்தி வந்தது. 2023-24-இல் 22 ஆட்டத்தில் ஒரே வெற்றி, 8 புள்ளி, கடைசி இடம். இரண்டாவதிலிருந்து கடைசிக்கு ஒரே வருஷத்தில்! விளையாட்டுப் பக்கத்தில் ‘பாக்கி’ என்ற சொல்லைக் கண்டால் அந்த டீமை உடனே அடித்துவிடுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அதே மார்க்கெஸ் போன கோவா முதல் சீசனில் மூன்றாவது, அடுத்ததில் இரண்டாவது. காலித் ஜமீல் 2020-21-இல் நடுவழியில் நார்த்ஈஸ்டை ஏற்று உள்ளே கொண்டுபோனார். 2023-24-இல் பதினோராவதாக முடித்த ஜம்ஷெட்பூரை அடுத்த சீசனில் ஐந்தாவதாக்கினார். டீம் பெயரைப் பார்த்து எழுதுவதைவிட இப்படிப்பட்ட கோச்சுகளின் பெயரைப் பார்த்து எழுதினால் இன்னும் கொஞ்சம் சரியாக வரும். இதற்கும் விலக்கு உண்டு: 2023-24-இல் சென்னையினை உள்ளே கொண்டுபோன காய்ல் அங்கேயே இருந்தும் அடுத்த சீசன் பதினோராவது.

காயம் பற்றி ஒரு வார்த்தை. பொழியூரிலிருந்து தூத்தூர், இரவிபுத்தன்துறை வரைக்கும் கடற்கரை ஊர்களில் இதைத்தான் அதிகம் பேசுவார்கள், காரணமும் உண்டு. இரவிபுத்தன்துறைக்காரரான மைக்கேல் சூசைராஜ் 2019-20-இல் கோப்பை வென்ற ஏ.டி.கே-யில் இருந்தவர். அடுத்த சீசனின் முதல் ஆட்டம், 2020 நவம்பர் 20, எதிரே பிளாஸ்டர்ஸ். முதல் பாதியிலேயே முழங்காலில் அடிபட்டு வெளியே போனார், சீசன் அதோடு போயிற்று. அவருக்கு அது பெரிய இழப்பு. ஆனால் ஏ.டி.கே. மோகன் பகான் என்று பெயர் மாறியிருந்த அவருடைய டீம் அந்த சீசனில் 40 புள்ளியோடு இரண்டாவதாக முடித்தது. பெஞ்சில் ஆள் இருக்கிற டீமை ஒரு காயம் கவிழ்க்காது. ஆகவே சீசனுக்கு முந்தைய காயச் செய்திக்கு, டீமில் இரண்டாவது ஆள் யார் என்று தெரியும்வரை, அதிக மதிப்பு கொடுக்க வேண்டாம்.

டூரண்ட் கோப்பையை எவ்வளவு நம்பலாம்

சீசனுக்கு முன் நம் கண்ணுக்குக் கிடைக்கிற ஆட்டம் பெரும்பாலும் அது ஒன்றுதான். 2022-இல் பெங்களூரு ஜெயித்தது, அந்த சீசனில் நாலாவது இடம், இறுதிப்போட்டி. 2023-இல் மோகன் பகான் ஜெயித்தது, அந்த சீசனில் முதலிடம். 2024 ஆகஸ்ட் 31-இல் நார்த்ஈஸ்ட் இரண்டு கோல் பின்னால் இருந்து சமன் செய்து பெனால்டியில் ஜெயித்தது. அந்த சீசனில் அலாதீன் அஜராயி 23 கோல் போட்டார், டீம் நாலாவது. இந்த மூன்றையும் சொல்லி நம்பச் சொல்பவர்கள் 2021-ஐ விட்டுவிடுவார்கள். அந்த வருஷம் டூரண்ட் ஜெயித்த கோவா ஐ.எஸ்.எல்-இல் ஒன்பதாவது. 2023-இல் இறுதிப்போட்டி வரை போன ஈஸ்ட் பெங்காலும் ஒன்பதாவது. முழு டீமை இறக்கி ஆடினார்களா, ரிசர்வ் ஆட்களை அனுப்பினார்களா என்று பார்த்துவிட்டுத்தான் எடை போட வேண்டும்.

ஈஸ்ட் பெங்கால் என்றதும் சாயக்கடையில் இப்படி ஒரு பேச்சு ஓடும்.

"லேய் மக்கா, ஈஸ்ட் பெங்காலு இந்தத் தடவ உள்ள வரும் பாரு."

"போன தடவயும் நீ இதத்தானே சொன்ன?"

"போன தடவ வேற டீமுல்லா."

பெயர் பெரிசு, ரசிகர் கூட்டம் பெரிசு, 2020-21-இல் சேர்ந்தது முதல் 2024-25 வரை ஐந்து சீசனில் ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை. அதே வருஷம் புதுப் பெயரில் வந்த மோகன் பகான் ஐந்து சீசனிலும் உள்ளே. இத்தனைக்கும் ஒரே ஊர். ஐ-லீகிலிருந்து ஏறிவருகிற டீம்களுக்கும் பொறுமை வேண்டும்: பஞ்சாப் முதல் சீசனில் எட்டாவது, முகமதன் முதல் சீசனில் கடைசி. 2017-18-இல் வந்தவுடனே முதலிடம் பிடித்த பெங்களூரு ஏறிவந்த டீம் அல்ல. ஐ-லீகை இரண்டு தடவை ஜெயித்துவிட்டு, பணமும் டீமுமாக நேரே நுழைந்தது.

சதவீதமாக எழுதுங்கள்

ஆறு பெயரை மட்டும் எழுதுவது வாய்ச்சண்டைக்கு உதவும், கற்றுக்கொள்ள உதவாது. ஒவ்வொரு டீமுக்கும் உள்ளே போகும் வாய்ப்பைச் சதவீதமாக எழுதுங்கள். ஆறு இடம் உள்ள சீசன் என்றால், மொத்தம் கூட்டினால் 600 வர வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாடு பல ஆசைகளை அடக்கும். பிளாஸ்டர்ஸுக்கு 80, சென்னையினுக்கு 80, மோகன் பகானுக்கு 95, கோவாவுக்கு 85 என்று வாரிக் கொடுத்தால் மிச்சம் 260-ஐ ஒன்பது டீமுக்குப் பங்கிட வேண்டியிருக்கும். அப்போதுதான் எங்கேயோ கை நீண்டுவிட்டது என்று தெரியும்.

சீசன் முடிந்தபின் கணக்கு இப்படி. 80 போட்ட டீம் உள்ளே போனால் மீதி 20-ஐ 20-ஆல் பெருக்கி 400 அபராதம். போகாவிட்டால் 80-ஐ 80-ஆல் பெருக்கி 6,400. எல்லா டீமுக்கும் கூட்டினால் குறைவாக வருகிறவர் ஜெயித்தார். ஒன்றும் தெரியாது என்று 13 டீமுக்கும் ஆளுக்கு 46 போட்டுவிட்டு ஒருவர் தூங்கப் போனால் அவருக்கு 32,308 வரும். 2024-25-க்கு, முந்தின வருஷத்து ஆறு பேருக்கும் 100, மற்றவர்களுக்கு 0 என்று அடித்துச் சொன்னவருக்கு 60,000. அவர் மூன்று பெயரைச் சரியாகச் சொன்னவர் என்பதைக் கவனியுங்கள். குருட்டாம்போக்கில் பெயர் பொறுக்கினாலும் சராசரியாக மூன்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சரியாகும். ஆகவே உங்கள் பட்டியல் 32,308-க்குக் கீழே வந்தால்தான் நீங்கள் ஏதோ தெரிந்து சொன்னீர்கள் என்று அர்த்தம். 95-க்கு மேலேயும் 5-க்குக் கீழேயும் போடுவதை முதல் வருஷத்தில் தவிர்ப்பது நல்லது, ஹைதராபாத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

பந்தயம் பரோட்டா-பீஃபோடு நிற்கட்டும். காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், இந்தக் கணக்கு கடனை அடைக்கிற அளவுக்குக் கூர்மையானது அல்ல.

ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்தில் ஒரே வரியில் காரணம் எழுதுங்கள்: ‘கோச் மாறவில்லை’, ‘கோல் போட்டவர் போய்விட்டார்’, ‘சம்பள பாக்கி’. காரணம் எழுத வராத எண்ணை 46-க்குக் கொண்டுவந்துவிடுங்கள். முதல் ஆட்டத்துக்கு முந்தின இரவு தேதி போட்டுக் கையெழுத்திட்டு, தாளைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு திருத்தம் கிடையாது.